தராசின் மறுபக்கம்: கல்வராயன் மலையும் வேலைவழிக் கல்வியும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர் வட்டாரங்களில் மரவள்ளி போடுகிறவர்களுக்குப் ‘பாயிண்ட்’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கிழங்கு லாரி எடைமேடையில் ஏறி இறங்கியதோடு விலை முடிந்துவிடுவதில்லை. லோடிலிருந்து சில கிழங்குகளை எடுத்துக் குறிப்பிட்ட எடைக்கு நிறுத்து, அவற்றையே தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடியும் நிறுக்கிறார்கள். மாவுச்சத்து கூடிய கிழங்கு அடர்த்தியும் கூடியது. தண்ணீருக்குள் அது காட்டும் எடையும் கூடும். அந்த எடையை வைத்து மாவுச்சத்தைக் கணித்து, பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று சேகோ ஆலை விலை போடுகிறது. ஒரு பாயிண்ட் குறைந்தால் டன்னுக்குக் கிடைக்கும் பணம் குறைந்துபோகும். பயிர் நிலத்தில் கிடந்தது பத்து மாதம். அதன் விலையை முடிவு செய்யும் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். அந்தச் சோதனைக்கு அடிப்படை ஆர்க்கிமிடீஸ் தத்துவம். அதே தத்துவம் நம் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் பாய்மங்களைப் பற்றிய பாடத்தில் இருக்கிறது. மரவள்ளி விவசாயியின் மகள் அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறாள். அவள் தகப்பனார் ஆலை வாசலில் நின்று, சொன்ன பாயிண்ட்டை ஏற்றுக்கொண்டு திரும்புகிறார். வகுப்பறைக்கும் ஆலை வாசலுக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பள்ளிகள் உள்ளூர் அமைப்புகளோடு உடன்பாடு செய்துகொண்டு, மாணவர்களை வேலையிடங்களுக்கு அனுப்பிக் கற்பிக்க வேண்டும் என்ற கருத்து உலகெங்கும் செல்வாக்குப் பெற்றுவருகிறது. அதற்குச் சொல்லப்படும் வழக்கமான காரணம், பிள்ளைகளுக்கு வேலை என்றால் என்னவென்று தெரியவில்லை, புத்தகத்தைத் தவிர எதுவும் தெரியாமல் வளர்கிறார்கள் என்பது. நகரத்து நடுத்தர வர்க்கத்துப் பிள்ளையைப் பற்றி அப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். கல்வராயன் மலைப் பிள்ளையைப் பற்றிச் சொன்னால் அது பொருந்தாது. களை எடுப்பதும் ஆடு ஓட்டுவதும் கடுக்காய் பொறுக்குவதும் தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் சுமப்பதும் அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கற்றுத்தர வேண்டியவை அல்ல. வேலை அவர்களுக்குத் தெரியும். அந்த வேலையின் கணக்குதான் அவர்களுக்குத் தெரியாமல் வைக்கப்பட்டிருக்கிறது: எடை, தரம், விலை, கழிவு, ரசீது, ஒப்பந்தம், சட்டம், அவற்றுக்கு அடியில் இருக்கும் அறிவியல். ஆகவே இந்த மலைக்கு வேலைவழிக் கல்வி வருமானால், அது கைக்கு மேலும் ஒரு வேலையைப் பழக்கும் ஏற்பாடாக இருக்கக் கூடாது. வேலையின் மறைக்கப்பட்ட பக்கத்தைத் திறந்து காட்டும் ஏற்பாடாக இருக்க வேண்டும். எந்த அமைப்போடு பள்ளி சேரலாம், எதனோடு சேரக் கூடாது என்பதையும் இதை வைத்தே தீர்மானிக்க முடியும் என்பது என் வாதம்.

கணக்கு மறைக்கப்பட்டது என்று நான் சொல்வதற்கு வரலாறு இருக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை, நீண்ட காலம் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலை பெற்றுக் கால் நூற்றாண்டுக்கும் மேலாகியும் மலையாளிப் பழங்குடி மக்கள் வரி கொடுத்தும் கூலியில்லா வேலை செய்தும் வாழ்ந்தார்கள். 1976இல்தான் அந்த முறை ஒழிக்கப்பட்டு மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் நாடாளுமன்றச் சட்டமும் அதே 1976ஆம் ஆண்டினது. கூலியில்லா வேலையில் எடை கிடையாது, பற்றுச்சீட்டு கிடையாது, கணக்குக் கேட்கும் உரிமையும் கிடையாது. அந்த ஆண்டில் பிறந்தவர்களுக்கு இப்போது ஐம்பது வயதுதான் ஆகிறது. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று பள்ளியில் இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காட்டைச் சற்றே தாண்டியிருந்தபோது, கள்ளக்குறிச்சியை உள்ளடக்கிய அன்றைய விழுப்புரம் மாவட்டம் ஏறத்தாழ 72 விழுக்காட்டில் நின்றது. மாநிலத்தின் பழங்குடியினர் எழுத்தறிவு 54 விழுக்காடு. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி, ஆட்சியர் அலுவலகம் மலையடிவாரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. தூரம் குறைந்ததால் மட்டும் இந்த இடைவெளி குறைந்துவிடாது.

கணக்கு தெரியாத உழைப்பாளி இருக்கும் இடத்துக்குத் தரகர் வருவார். மலைகளிலிருந்து ஆட்களைக் கூட்டிச் செல்லும் மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்து, காப்பித் தோட்டத்துக்கும் மிளகுத் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் அனுப்புகிறார்கள். 2015 ஏப்ரலில் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். அவர்களில் பலர் ஜவ்வாது மலை, சித்தேரி மலை ஊர்களைச் சேர்ந்தவர்கள். கல்வராயன் மலையில் கள்ளச்சாராயம் காய்ச்சுவது பல்லாண்டுகளாகச் செய்தித்தாள்களில் வந்துகொண்டிருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, இந்த மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்தது. சாலையும் மருத்துவமனையும் பள்ளியும் பற்றி அங்கே கேள்விகள் எழுந்தன. அவை கேட்கப்பட வேண்டிய கேள்விகளே. அவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: பத்தாம் வகுப்பு முடித்த மலைப் பையன் ஒருவனிடம் மேஸ்திரி முன்பணத்தை நீட்டும்போது, அந்தப் பணத்துக்கு எத்தனை நாள் உழைக்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கவும், சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி என்ன என்று கேட்கவும் பள்ளி அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறதா?

இனி எதிர்ப்புகளுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் பள்ளியையும் வேலையையும் சேர்த்துப் பேசினால் முதலில் எழும் எதிர்ப்பு, இது குலக்கல்வி என்பது. இந்த எதிர்ப்பை நான் முழு மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். 1953இல் சென்னை மாநில முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரப் படிப்பு. மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் காங்கிரசுக்குள்ளேயே இருந்த பலரும் அதை எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகி காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. கைவிட்டது சரி. ஆனால் அந்தத் திட்டத்தில் எது தவறு என்பதைத் துல்லியமாகச் சொல்லிக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் தவறில்லாததையும் சேர்த்து எறிந்துவிடுவோம். அது படிப்பு நேரத்தை வெட்டியது. எந்த வேலை என்பதைப் பிறப்பின் கையில் ஒப்படைத்தது. வண்ணார் மகன் வெளுக்கவும் குயவர் மகன் வனையவும் அனுப்பப்பட்டான். வீட்டில் என்ன கற்றான் என்று கேட்கப் பள்ளிக்கு வழியே இல்லை. அதோடு அது கிராமத்துக்கு மட்டும் விதிக்கப்பட்டது. நகரத்துப் பிள்ளை முழுநாளும் படித்தான். இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் அந்த ஏற்பாட்டை நாம் எதிர்க்கத்தான் வேண்டும். 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று விலக்கு அளித்தார்களே, அதைப் பலரும் சந்தேகத்தோடு பார்த்ததற்குக் காரணம் 1953இன் நினைவுதான். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் உள்ளூர்த் தச்சரிடமும் குயவரிடமும் தோட்டக்காரரிடமும் பழகச் சொல்கிறது. பதினொன்று, பன்னிரண்டு வயது அதற்கு ஏற்ற வயதல்ல என்றே நான் கருதுகிறேன். எந்தப் பிள்ளை எந்தத் தொழிலாளியிடம் போகும் என்பதை ஊர் தீர்மானித்தால், சாதியே தீர்மானித்ததாக ஆகிவிடும்.

அப்படியானால் நான் பரிந்துரைப்பது எப்படி வேறுபடுகிறது? ஒன்பதாம் வகுப்புக்கு முன்னால் கூடாது. மொழிக்கும் கணக்குக்கும் அறிவியலுக்கும் உரிய நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் குறையக் கூடாது. அந்தப் பாடங்களையே வேலையிடத்தில் வைத்து நடத்த வேண்டும். எந்தப் பிள்ளையையும் அதன் குடும்பத் தொழில் நடக்கும் இடத்துக்கு அனுப்பக் கூடாது என்பது எழுதப்பட்ட விதியாக இருக்க வேண்டும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்ப வேலை பரம்பரைத் தொழிலாகவே வந்த பட்டறைகளுக்குள், அந்தப் பரம்பரையில் பிறக்காத மலைப்பெண் ஒருத்தி போய் உட்கார்ந்து தாளமானக் கணக்கைப் படிக்க வேண்டும். நவதாளச் சிற்பத்தில் முகத்தின் நீளம் ஒரு தாளம். உருவத்தின் உயரம் ஒன்பது தாளம். ஒரு தாளம் பன்னிரண்டு அங்குலம். ஆக மொத்தம் 108 அங்குலம். இங்கே அங்குலம் என்பது அளவுகோலில் உள்ள அங்குலம் அல்ல. மரத்துண்டின் அளவுக்கேற்ப அது மாறும். விகிதம், விகிதசமம் என்று கணக்குப் புத்தகத்தில் வறண்டு கிடக்கும் பாடம் அங்கே வாகை மரத்தில் உளி பட்டு உருவாகிறது. சிற்பியின் மகனோ மகளோ அந்த நேரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தப் பதிவேட்டைப் படித்துக்கொண்டிருக்க வேண்டும். பிறப்பு வகுத்த கோட்டைத் தாண்ட வைக்கிற வேலைக்கல்வி, குலக்கல்விக்கு நேர் எதிரானது.

இரண்டாவது எதிர்ப்பு கல்வியாளர்களிடமிருந்து வருவது. அதற்கு உலக அனுபவத்தின் வலு உண்டு. தொழிற்கல்வியைக் கொடுத்தால் வேலையில்லாத் திண்டாட்டம் தீரும் என்ற நம்பிக்கையை ஃபிலிப் ஃபாஸ்டர் என்ற அறிஞர் 1965இல் கானா நாட்டு அனுபவத்தை வைத்துக் கேள்விக்குள்ளாக்கினார். பெற்றோர் பொதுக்கல்வியை விரும்புவது அறியாமையால் அல்ல. நல்ல சம்பளம் அந்தப் பக்கம் இருப்பதை அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள் என்பது அவர் வாதம். பக்கத்து இலங்கையில் 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் இடைநிலை வகுப்புகளுக்குத் தொழில்முன்னிலைப் பாடங்களைக் கொண்டுவந்தது. அந்தந்த ஊரின் தொழிலைப் பள்ளியே ஆராய்ந்து கற்பிக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம் அதில் இருந்தது. 1977 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு அது நீடிக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கும் அரசு வேலைக்கும் போகும் வழி வேறு பாடங்களில் இருக்கிறது என்று பெற்றோருக்குத் தெரிந்திருந்தது. புதுப் பாடத்தை நடத்த ஆசிரியர்களும் தயாராக இல்லை. நம் மாநிலத்துக்கு வந்தால், 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் தொடங்கியது. அதே ஆண்டு, வேலூரில் பிறந்த பொருளியலறிஞர் மால்கம் ஆதிசேசய்யா தலைமையில் அமைந்த தேசியக் குழு, மேல்நிலைக் கல்வியைத் தொழில்மயமாக்குவது பற்றி அறிக்கை கொடுத்தது. செய்து கற்பது என்பதே அதன் தலைப்பின் பொருள். நடந்தது என்ன? மதிப்பெண் குறைந்தவர்களைத் தள்ளிவிடும் இடமாகத் தொழிற்கல்விப் பிரிவு மாறியது; ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் இடங்கள் பல பள்ளிகளில் நிரப்பப்படவில்லை.

இந்தச் சான்றுகளை நான் மறுக்கவில்லை. அவற்றிலிருந்தே என் முடிவுக்கு வருகிறேன். தனிப் பிரிவாக, இரண்டாந்தரக் கதவாக வைத்த தொழிற்கல்வி எங்குமே தோற்றிருக்கிறது. சுவிட்சர்லாந்தில் இளைஞர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்பயிற்சி வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை நம்மவர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். அங்கே பயிற்சி முடித்தவருக்கு உயர்கல்விக்குப் போகும் வழி திறந்திருக்கிறது, பயிலுநருக்குச் சம்பளம் உண்டு, பாடத்திட்டத்தை நிறுவனம் தனியாக எழுத முடியாது என்ற மூன்றையும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஆகவே கல்வராயன் மலையில் நாம் செய்ய வேண்டியது புதிய பிரிவு ஒன்றைத் தொடங்குவதல்ல. மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைக்கும் பட்டயக் கணக்காளராக விரும்பும் பிள்ளைக்கும் வெள்ளிமலை ஏகலைவா பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் ஒரே மாதிரியாக, பொதுப்பாடத்தின் ஒரு பகுதியாகவே வேலையிடம் வர வேண்டும். நான் முதல்வன் திட்டம் 2022இல் தொடங்கியது முதல் உயர்கல்வி வழிகாட்டல் ஒன்பதாம் வகுப்பு வரை இறங்கி வந்திருக்கிறது. அந்தப் பாதையில் ஏறுகிற பிள்ளை இதனால் எதையும் இழக்கக் கூடாது.

யாரோடு கைகோப்பது என்பதில்தான் பெரும்பாலான திட்டங்கள் சறுக்குகின்றன. உள்ளூர் அமைப்பு என்றதும் ஆலையும் கம்பெனியும் நினைவுக்கு வருகின்றன. மலையைச் சுற்றியும் மலைமேலும் பொது அமைப்புகள் இருக்கின்றன. அவற்றைப் பள்ளிகள் கண்டுகொள்ளவே இல்லை. மலையின் சேலம் பக்கச் சரிவுக்குக் கீழே ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிழங்கின் மாவுச்சத்தை அளப்பது அங்கே அன்றாட வேலை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கைந்து வகைக் கிழங்குகளைக் கொண்டுபோய், காற்றிலும் நீரிலும் நிறுத்துப் பார்த்து, அட்டவணை போட்டு, ஆய்வகத்தின் கணிப்போடு ஒப்பிட்டால், பாய்மங்கள் பாடம் ஒரே நாளில் மனதில் தங்கும். கிழங்கில் மண் ஒட்டியிருந்தாலும் வெட்டி இரண்டு நாள் ஆகியிருந்தாலும் முடிவு எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டால், ஆலை வாசலில் என்ன கேட்க வேண்டும் என்பது விளங்கிவிடும். இங்கே பாடம் பிள்ளையோடு வீட்டுக்குப் போகிறது. சேகோவுக்காகவே சேலத்தில் 1981 முதல் இயங்கிவரும் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தில் மறைமுக ஏலம் எப்படி நடக்கிறது என்று பதினோராம் வகுப்பு வணிகவியல் மாணவர்கள் பார்த்தால், பொருளியல் பாடத்தின் தேவை, அளிப்பு வளைகோடுகளுக்கு உயிர் வரும்.

கருமந்துறையில் ஆயிரம் ஏக்கரைத் தாண்டிய அரசுப் பழப்பண்ணை இருக்கிறது. மா ஒட்டுக் கட்டுவதை எடுத்துக்கொள்வோம். கொட்டையிலிருந்து முளைத்த வேர்ச்செடியின் தலையை வெட்டி, தண்டின் நடுவில் பிளந்து, தாய்மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்குச்சியின் அடியை ஆப்புப் போலச் சீவி அந்தப் பிளவில் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டுகிறார்கள். இரண்டின் பட்டைக்கு அடியில் உள்ள வளர்திசு ஒன்றையொன்று தொட்டாக வேண்டும். ஒரு பக்கமாவது தொடாவிட்டால் குச்சி காய்ந்துபோகும். ஒட்டுக்குச்சி எடுப்பதற்கு ஏழெட்டு நாள் முன்பே அந்தக் கிளையின் இலைகளைக் காம்பு விட்டுக் கிள்ளிவிடுவது ஏன், கட்டிய பிறகு மேலே பாலித்தீன் உறை போடுவது ஏன் என்ற கேள்விகளுக்குப் பதில் உயிரியல் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே அது இந்தக் கேள்விகளுக்குப் பதிலாக எழுதப்பட்டிருக்கவில்லை. நூறு செடிக்கு ஒட்டுக் கட்டினால் எத்தனை பிழைக்கின்றன, ஒரு கன்றுக்கு ஆகும் செலவு எவ்வளவு, சந்தையில் ஒட்டுக்கன்றும் விதைக்கன்றும் என்ன விலைக்குப் போகின்றன என்ற கணக்கையும் பிள்ளைகளே எழுத வேண்டும். ஒட்டுக் கட்டும் கூலித் தொழிலாளியை உருவாக்குவது நோக்கமல்ல. ஒட்டுக் கட்டக் கை பழகியவர்கள் மலையில் இப்போதே இருக்கிறார்கள். நாற்றங்கால் வைத்து நடத்தும் கணக்கு தெரிந்தவர்களைத்தான் காணோம்.

கடுக்காயிலும் இதே நிலைதான். காய் காட்டில் விளைகிறது, மக்கள் பொறுக்கிக் காயவைக்கிறார்கள். தோல் பதனிடும் தொழிலுக்கும் நாட்டு மருந்துக்கும் அது போய்ச் சேர்வதற்குள் பல கைகள் மாறுகின்றன. ஒவ்வொரு கையிலும் மூட்டைக்கு இவ்வளவு என்று கழிவு. ஈரப்பதம் என்ற பெயரில் ஒரு பிடித்தம். சாக்கு எடை என்று இன்னொன்று. காயவைத்த கடுக்காயின் எடை நாளுக்கு நாள் எவ்வளவு குறைகிறது என்று ஒரு மாதம் பள்ளியிலேயே நிறுத்துப் பதிவு செய்தால், எது நியாயமான கழிவு, எது இல்லை என்று பதினைந்து வயதுப் பிள்ளையால் சொல்ல முடியும். மலைப்பகுதிகளில் லேம்ப் என்று அழைக்கப்படும் பெரும் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இதற்கென்றே ஏற்பட்டவை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறுவன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் மக்களுக்கு உரிமை தருகிறது. சங்கத்தின் பேரேட்டையும் அந்தச் சட்டத்தின் உரிமைக் கோரிக்கைப் படிவத்தையும் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் பத்துப் பேர் இருந்தால், சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டமும் கிராமசபையும் வேறு மாதிரி நடக்கும். ஊராட்சியையும் மறக்க வேண்டாம். நூறு நாள் வேலையில் வெட்டிய மண்ணின் கன அளவைப் பொறுத்துத்தான் கூலி கணக்கிடப்பட்டு வந்தது. பத்தாம் வகுப்பில் அளவியல் படிக்கும் பிள்ளை நாடா பிடித்து அளந்து, கன மீட்டர் கணக்கை அளவுப் புத்தகத்தோடு ஒப்பிடலாம்.

தனியார் ஆலைகளை நான் ஒதுக்கச் சொல்கிறேனா? முழுமையாக இல்லை, ஆனால் அவை கடைசியில்தான் வர வேண்டும். மாவட்டத்தில் தொழில் வளர்ச்சி வேகமெடுக்கிறது. தைவானின் பௌ சென் குழுமம் உளுந்தூர்பேட்டையில் 2,302 கோடி ரூபாய் முதலீட்டில் காலணித் தொழிற்சாலை அமைக்க 2023இல் ஒப்பந்தம் செய்தது. ஏறத்தாழ இருபதாயிரம் பேருக்கு, அதிலும் பெரும்பாலும் பெண்களுக்கு, வேலை கிடைக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. பெண்கள் சொந்தச் சம்பளம் வாங்கும் நிலை இந்த மாவட்டத்துக்குப் பெரிய மாற்றம், அதை வரவேற்கிறேன். ஆனால் ஆலைக்கு ஆள் தேடும் வேலை பள்ளியின் வேலை அல்ல. பதினாறு வயதுப் பெண்ணைப் பயிற்சி என்ற பெயரில் உற்பத்தி வரிசையில் நிறுத்துவது மலிவான கூலி வேலைக்கு இன்னொரு பெயர்தான். மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் வளரிளம் பெண்கள் ஒப்பந்தத்தில் சிக்கிய வரலாற்றைத் தமிழ்நாடு மறந்துவிட முடியாது. பதினான்கு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோரை ஆபத்தான வேலைகளில் ஈடுபடுத்தக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அதற்கு மேலேயும் ஒரு படி போய், மாணவர் கையால் உருவான எந்தப் பொருளும் ஆலையின் விற்பனைக்குப் போகக் கூடாது என்று பள்ளி சொல்ல வேண்டும். ஆலைக்குள் மாணவர்கள் போவது சம்பளச் சீட்டைப் படிக்கவும் வருங்கால வைப்புநிதிப் பிடித்தம், மிகைநேரக் கணக்கு, கொதிகலன் பாதுகாப்பு விதிகள் ஆகியவற்றைப் புரிந்துகொள்ளவும்தான். இந்த நிபந்தனைக்கு உடன்படும் ஆலையோடு தாராளமாகச் சேரலாம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளிலிருந்து தொடங்கலாம். அங்கே கரும்பு விவசாயிகளே உறுப்பினர்கள் என்பதால், பிழிதிறன், சர்க்கரைக் கட்டுமானம், நிலுவைத் தொகை என்ற சொற்கள் மாணவர் வீட்டில் ஏற்கெனவே புழங்குகிறவை.

எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறும் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு, முதலில் வாசிக்கச் சொல்லிக்கொடுங்கள் என்பார்கள் சில ஆசிரியர்கள். இல்லம் தேடிக் கல்வி போன்ற திட்டங்கள் தேவைப்பட்டதே இந்தக் குறை உண்மை என்பதற்குச் சான்று. அடிப்படை வாசிப்புக்குத் தனி உழைப்பு வேண்டும். அதற்கு இது மாற்றல்ல. ஆனாலும் ஒன்பதாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புக் கதையை மறுபடி கொடுத்தால் அது கூசிப்போகும். ரேஷன் ரசீதும் கூட்டுறவுக் கடன் படிவமும் மருந்துச் சீட்டும் அந்த வயதின் கண்ணியத்துக்கு ஏற்ற வாசிப்பு. மலையிலேயே பிள்ளையைக் கட்டிப்போடுகிறோமா என்ற கவலையும் எழலாம். ஆர்க்கிமிடீஸ் தத்துவமும் விகிதசமமும் சம்பளச் சீட்டும் எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வரும். போக விரும்புகிறவன் தரகரோடு போகாமல் தானாகப் போவான்.

இனி நடைமுறை. ஒப்பந்தத்தைத் தலைமையாசிரியர் மட்டும் கையெழுத்திட்டு முடித்துவிடக் கூடாது. பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டி, தமிழில், ஒரு தாளுக்குள் எழுத வேண்டும். எந்தப் பாடத்தின் எந்த அலகு அங்கே கற்பிக்கப்படுகிறது, யார் உடன் போகிறார், காப்பீடு உண்டா, மலைப்பாதையில் வண்டி யார் பொறுப்பு, பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை உண்டா என்பவை அதில் இருக்க வேண்டும். விரும்பாத பிள்ளை விலகிக்கொள்ளலாம், அதற்காக மதிப்பெண் குறையாது என்பதும் எழுதப்பட வேண்டும். வழிகாட்டும் பண்ணைத் தொழிலாளிக்கும் கிராம செவிலியருக்கும் சிற்பிக்கும் மதிப்பூதியம் வேண்டும். இலவசமாகக் கற்பிக்கச் சொல்வது கூலியில்லா வேலையின் இன்னொரு வடிவம். ஆண்டுக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கும்போது எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்பதை விட்டுவிட்டு, எத்தனை பேர் மேல்நிலை முடித்தார்கள், எத்தனை பேர் கல்லூரிக்கோ தொழிற்பயிற்சி நிலையத்துக்கோ போனார்கள், இடைநின்றவர்கள் குறைந்தார்களா என்று கேட்க வேண்டும்.

கடைசியாக நாட்காட்டி. சிறிய விஷயம் போலத் தோன்றும். இதில்தான் நல்ல திட்டங்கள் சிக்கி நிற்கின்றன. மரவள்ளி அறுவடையும் கடுக்காய்ப் பருவமும் தை, மாசியில் உச்சத்துக்கு வருகின்றன. அதே நேரத்தில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு நெருங்குகிறது. ஆகவே பாயிண்ட் சோதனையும் கடுக்காய் எடைப் பதிவும் ஒன்பது, பதினோராம் வகுப்புகளுக்கே உரியவை. பத்தாம் வகுப்பு மாணவர்கள் ஊராட்சி அளவீட்டைத் தேர்வுக் காலத்துக்கு முன்பே, ஐப்பசிக்குள் முடித்துவிட வேண்டும். மாவில் ஒட்டுக் கட்ட ஆடி, ஆவணி ஏற்ற மாதங்கள். இலை கிள்ளுவதற்காக, ஒட்டுக்குச்சி எடுப்பதற்கு ஏழெட்டு நாள் முன்பே ஒருமுறை பண்ணைக்குப் போய்வர வேண்டியிருக்கும். சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கும் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். இதையெல்லாம் சென்னையிலிருந்து ஒரே சுற்றறிக்கையில் எழுதி அனுப்ப முடியாது. பள்ளி திறக்கும் ஜூன் முதல் வாரத்திலேயே தலைமையாசிரியரும் பண்ணை அலுவலரும் லேம்ப் சங்கச் செயலாளரும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியும் ஒரே மேசையில் உட்கார்ந்து, மழையையும் தேர்வு அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த ஆண்டுக்கான தேதிகளைக் குறிக்க வேண்டும்.